ஒரு பிடி மண்ணோடு மலையேறி வந்த சாமிகள்

தென்மாவட்டக் கிராமங்களில் இன்றும் ஒரு வழக்கம் உண்டு. பிழைப்புத் தேடியோ, பகைக்கு அஞ்சியோ ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் தங்கள் சாமி கோயிலுக்குப் போவார்கள். பூசாரியிடம் உத்தரவு கேட்டு, பீடத்தடியில் ஒரு பிடி மண் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்துகொள்வார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த மண்ணைப் புதைத்து, அதன்மேல் ஒரு கல்லை நட்டுச் சூடம் காட்டினால் சாமி அங்கேயும் குடிவந்தாயிற்று. இதற்குப் பிடிமண் என்று பெயர். மூணாறைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் மாரியம்மனும் காளியம்மனும் முனியாண்டியும் கருப்பசாமியும் சுடலைமாடனும் கோயில்கொண்டிருக்கிறார்களே, அவர்களில் பலருடைய கதை இப்படி ஒரு பிடி மண்ணில் தொடங்கியதுதான்.

நான் அப்படிப்பட்ட ஒரு மாரியம்மன் கோயிலை ஒட்டிய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள். அம்மாவும் அப்பத்தாவும் கொழுந்தெடுத்தவர்கள். அப்பாவின் சித்தப்பா அந்தக் கோயிலின் பூசாரி. அவரைப் பூசாரித் தாத்தா என்றே கூப்பிடுவோம். நான் படித்துத் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றேன். எங்கள் வழிபாட்டைப் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் தீச்சட்டியும் அலகும் மட்டுமே படுகின்றன. அவற்றின் பின்னால் உள்ள ஒழுங்கையும் காரணத்தையும் யாராவது நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத மக்கள், தங்கள் பக்தியைக் கொண்டே இந்த மலையைச் சொந்த ஊராக்கிக்கொண்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மலைக்கு வந்தவர்கள்

1877-இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். சிங்கோனா, காப்பி, ஏலம் என்று பலதையும் நட்டுப் பார்த்த வெள்ளைக்காரர்களுக்குக் கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. 1897-இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் ப்ரொட்யூஸ் கம்பெனி உருவானது. காட்டை வெட்டவும் பாதை போடவும் கன்று நடவும் ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்தார்கள். போடிநாயக்கனூர் வரை வந்து, குரங்கணி வழியாகப் பிள்ளைகளைத் தோளில் சுமந்து மலையேறினார்கள். அப்பத்தாவின் மாமனார் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து அப்படித்தான் வந்தார். அவர் மடியில் பிடிமண் இருந்தது.

அவர்கள் வந்த மூணாறு இன்றைய சுற்றுலா ஊர் அல்ல. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கடுங்குளிர், அட்டை, மலைக்காய்ச்சல், காலரா. 1894-இல் எலினார் நைட் என்ற இளம் ஆங்கிலப் பெண், மணமாகி வந்த சில நாட்களிலேயே காலராவில் இறந்துபோனார். சி.எஸ்.ஐ. தேவாலயம் இருக்கும் குன்றில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. பங்களாவில் இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், தகரக் கொட்டகையில் படுத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேருக்குக் கல்லறை உண்டு? அந்தப் பயத்தில்தான் மஞ்சள் துணி அவிழ்க்கப்பட்டது. நோய்க்கு அதிபதியான மாரியை நட்ட பிறகே அப்பத்தாவின் மாமனார் நிம்மதியாகத் தூங்கினாராம்.

இந்த மலைக்குத் தெய்வத்தைச் சுமந்து வந்தவர்களில் நாங்கள் முதல் ஆட்கள் இல்லை. எங்களுக்கு வெகுகாலம் முன்பே இங்கே வாழ்ந்துவரும் முதுவர் பழங்குடியினர், தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மீனாட்சியம்மனை முதுகில் சுமந்துகொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள். மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களில் இருக்கிறவர்களும் மதுரைச் சீமையிலிருந்து வந்த கதையைத்தான் சொல்கிறார்கள். மறையூருக்கு அருகே கோவில்கடவில், பாம்பாற்றங்கரையில் தென்காசிநாதர் கோயில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி முழுவதுமே தெய்வங்களும் மனிதர்களும் சேர்ந்து குடிபெயர்ந்த நிலம்.

யாரிடமும் அனுமதி கேட்காத கோயில்

தோட்டத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்தவர்கள். விட்டுவந்த ஊரில் பெரிய கோயிலின் வாசலை மிதிக்க அவர்களுக்கு உரிமை இருந்ததில்லை. மூணாறு அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. திருவிதாங்கூரில் எல்லாச் சாதியினருக்கும் கோயிலைத் திறந்துவிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-இல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939 ஜூலை 8-இல். இந்தத் தேதிகளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எங்கள் கோயிலின் கல்லை நினைத்துக்கொள்வேன். அந்தப் பிரகடனம் வருவதற்கு முன்பே எங்கள் ஆட்கள் அந்தக் கல்லுக்குத் தண்ணீர் ஊற்றி, பொட்டு வைத்து, தாங்களே பூசை செய்துகொண்டிருந்தார்கள். பிடிமண் சுமந்தவரே பூசாரியானார். தெய்வத்தைத் தொட்டுக் குளிப்பாட்டும் உரிமையை அவருக்கு யாரும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

லயத்துக்குள் சாதியே இருந்ததில்லை என்று சொன்னால் அது பொய். கங்காணி காலத்தில் சாதி பார்த்து லயம் ஒதுக்கினார்கள் என்றும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிக் கல் இருந்தது என்றும் அப்பத்தா சொல்வார். ஆனால் ஒரே மலைச்சரிவில் வரிசையாக நின்று கொழுந்தெடுத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவர்கள் நாளடைவில் ஒரே திருவிழாவுக்கு வந்து சேர்ந்தார்கள். தனிக்கற்கள் இன்றும் மாரியம்மன் பிராகாரத்தில் பரிவார தெய்வங்களாக நிற்கின்றன. ஒரு சமூகம் மெல்ல மெல்ல ஒன்றான வரலாறு அந்தக் கற்களில் இருக்கிறது.

திறந்தவெளியில் இருந்த கல்லுக்கு முதலில் தகரக் கூரை வந்தது. பிறகு சுவர், அதன்பின் சிலை, கோபுரம், 12 ஆண்டுக்கொரு கும்பாபிஷேகம் என்று கோயில் வளர்ந்தது. கும்பாபிஷேகத்துக்கு ஆகமம் படித்த சிவாச்சாரியாரை வரவழைக்கிறோம். மற்ற நாட்களில் பூசை எங்கள் பூசாரிதான். காலையில் அவரும் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்தான்.

வரியும் காப்பும்

சமவெளியில் ஆடி அம்மனுக்குரிய மாதம். எங்களுக்கு ஆடி என்றால் தென்மேற்குப் பருவமழை. குடையை மடக்க முடியாத மாதத்தில் நெருப்பெடுப்பது எப்படி? அதனால் ஆடியில் கூழ் ஊற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, பெரிய திருவிழாவைப் பங்குனி, சித்திரைக்கு வைத்துக்கொள்கிறோம். மலைக்குத் தக்கபடி சாமியே நாளை மாற்றிக்கொண்டாள் என்பார் பூசாரித் தாத்தா.

திருவிழாவின் முதல் வேலை வரி. ஊர்களில் தலைக்கட்டு வரி என்றால் கல்யாணமான ஆண்களைக் கணக்கிட்டு வாங்குவார்கள். எங்கள் தோட்டத்தில் யார் பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறதோ அவர்களெல்லாம் வரி கொடுப்பார்கள். கொழுந்தெடுக்கும் பெண் முழு வரி கொடுக்கிறாள். கணவனை இழந்தவளும் கொடுக்கிறாள், கொடுத்துவிட்டு முதல் மரியாதைத் தேங்காயில் தன் பங்கைக் கேட்டு வாங்குகிறாள். சம்பள நாளன்று கோயில் முன்னால் மேசை போட்டு நோட்டில் பெயர் எழுதும்போது, அந்த வரிசையில் நிற்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமிதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேதக்கார வீட்டாரும், அதாவது கிறித்தவர்களும், வரி கொடுப்பார்கள். டிசம்பரில் அவர்கள் தேவாலயத்துக்கு எங்கள் வீடுகளிலிருந்து போகும்.

அடுத்தது காப்புக்கட்டு. மஞ்சள் தோய்த்த நூலில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து முதலில் அம்மனுக்கும், பிறகு பூசாரிக்கும், நேர்ச்சை செலுத்துகிறவர்களுக்கும் மணிக்கட்டில் கட்டுவார்கள். கட்டிய நாளிலிருந்து திருவிழா முடியும்வரை அசைவம் கிடையாது, பாயில் படுக்கை, கெட்ட வார்த்தை கூடாது, இரவில் வெளியூரில் தங்கக் கூடாது. காப்புக் கட்டியவர்களுக்கு அந்த நாட்களில் விடுமுறை எதுவும் இல்லை. காலையில் வேலைக்காட்டில் நின்றாக வேண்டும். கொழுந்து வெட்டும் கத்தரியைப் பிடித்த கைகளில் காப்பு மஞ்சளாகத் தெரியும். விரதக்காரர்கள் செருப்பணியக் கூடாது என்பது ஊர் வழக்கம். கோடைமழை பெய்து அட்டை கிளம்பிவிட்ட ஒரு வருடம், என் அம்மா தயங்கித் தயங்கிப் பூசாரித் தாத்தாவிடம் கேட்டார்.

"மாமா, காட்டுக்கு மட்டும் பூட்ஸ் போட்டுக்கிரட்டுமா? ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளே?"

"வேலையும் அவ குடுத்ததுதானே தாயி. காட்டுல போட்டுக்க. கோயில் எல்லைக்கு வந்ததும் கழட்டிரு."

விதி எதற்காக இருக்கிறது என்று அறிந்தவர் மட்டுமே இப்படிச் சொல்ல முடியும். விரதத்தின் நோக்கம் உடம்பை வதைப்பது அன்று. சில நாட்களுக்கு எதைச் செய்தாலும் அவள் நினைவோடு செய்யப் பழக்குவதே அதன் நோக்கம். பாகவத புராணம் பக்தியை ஒன்பது வகையாகச் சொல்கிறது: கேட்டல், பாடல், நினைத்தல், திருவடித் தொண்டு, அருச்சனை, வணங்குதல், அடிமைசெய்தல், தோழமை, தன்னையே ஒப்படைத்தல். சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகளைக் காட்டுகிறது. கோயிலைக் கூட்டுவதும் மெழுகுவதும் பூத்தொடுப்பதும் சரியை. திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் பாதையில் புல் செதுக்கியதும் அதுவே. திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆண்கள் மண்வெட்டியோடு வந்து கோயில் பாதையில் புல் செதுக்குவார்கள். வாரம் முழுதும் தோட்டத்துக்காக மண்வெட்டி பிடித்தவர்கள், அன்று தங்கள் அம்மனுக்காகப் பிடிக்கிறார்கள்.

முளைப்பாரி

எங்கள் திருவிழாவில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது முளைப்பாரி. மூங்கில் கூடையிலோ மண்சட்டியிலோ மண்ணும் எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளையும் நவதானியத்தையும் விதைப்பார்கள். வெளிச்சம் புகாத அறை ஒன்றில் அடுக்கி, காலையும் மாலையும் குளித்துவிட்டுப் போய்த் தண்ணீர் தெளிப்பார்கள். ஆண்கள் உள்ளே வரக்கூடாது. ஒவ்வோர் இரவும் வாசலில் பெண்கள் வட்டமாக நின்று கும்மியடித்துப் பாடுவார்கள். வெயில் படாததால் முளைகள் பச்சையாகாமல் வெளிர்மஞ்சளாக, நேராக, அடர்த்தியாக உயர்ந்து நிற்கும். முளை செழித்தால் அந்த வருடம் குடும்பம் செழிக்கும் என்பது நம்பிக்கை.

சாத்தூரில் அந்த வெக்கைக்கு ஒரு வாரத்தில் முழ உயரம் வந்துவிடும். மூணாறின் இரவுக் குளிரில் விதை கண்விழிக்கவே நாளாகும். அதற்கு எங்கள் பாட்டிமார் ஒரு வழி கண்டார்கள். ஊர்க் கணக்கைவிட முன்னதாக விதைத்து, முளைப்பாரி அறையின் மூலையில் இரும்புச் சட்டியில் அடுப்புக் கங்கைப் போட்டு வைத்தார்கள். கைக்குழந்தையைப் போல அந்தக் கூடைகளைக் கம்பளியால் போர்த்தினார்கள். இரவில் முறைவைத்து எழுந்து கங்கு அணையாமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த முறை இரவுகளில்தான் நான் பழைய கதைகளை எல்லாம் கேட்டேன். மலையேறி வந்தது, பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தது, 1924 வெள்ளத்தில் மூணாறும் அதன் ரயில்பாதையும் அடித்துப் போனது எல்லாம் அங்கே பேச்சாகவும் பாட்டாகவும் வரும்.

முளைப்பாரி விவசாயிகளின் சடங்கு. விதையின் வீரியத்தை விதைப்புக்கு முன் சோதிக்கும் வழி அது என்றும் விளக்கம் சொல்வார்கள். எங்கள் பெண்களுக்கு ஏதும் விதைக்க வேண்டிய அவசியமில்லை. அவர்கள் வாழ்நாள் முழுதும் கிள்ளும் தேயிலை அவர்களுடையது அல்ல, அது நிற்கும் மண்ணும் அவர்களுடையது அல்ல. ஓய்வுபெற்றால் குடியிருந்த லயத்து வீட்டையும் விட்டுத் தர வேண்டும். அப்படியிருந்தும் வருடத்தில் ஒருமுறை, உழுகுடிகளாக இருந்த தங்கள் முன்னோரின் கையசைவை மறக்காமல், ஒரு கூடை மண்ணில் விதைக்கிறார்கள். அந்த ஒரு கூடை விளைச்சல் முழுக்க அவர்களுடையது. அதைத் தலையில் ஏந்திக் குலவையிட்டு ஊர்வலமாகப் போகும்போது அவர்கள் நடையே வேறு மாதிரி இருக்கும். கடைசியில் அதை ஓடையில் கரைப்பார்கள். அந்தத் தண்ணீர் முதிரப்புழையாற்றில் சேர்ந்து பெரியாற்றுக்குப் போகிறது.

நெருப்பும் மாவிளக்கும் காவடியும்

தீச்சட்டி நேர்ச்சைக்கு வேர் அம்மை நோயில் இருக்கிறது. பெரியம்மை ஊர் ஊராகக் கொன்ற காலத்தில் மாரியம்மனே நோயாக வந்து இறங்குவதாகவும், அவளே குளிர்ந்து விலகுவதாகவும் மக்கள் கண்டார்கள். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். அந்த வீட்டுக்கு யாரும் போகமாட்டார்கள், அந்த வீட்டாரும் வெளியே வரமாட்டார்கள். நோயாளிக்குத் தனிப் பாய், இளநீர், மோர், கூழ். தெய்வ மரியாதை என்ற பெயரில் ஊரே கடைப்பிடித்த தனிமைப்படுத்தல் அது. தடுப்பூசியால் 1975-இல் இந்தியாவிலிருந்தும், பிறகு உலகிலிருந்தும் பெரியம்மை ஒழிந்தது. எங்கள் அப்பத்தா தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கு ஊசி போட வரிசையில் நின்றார், கோயிலில் தீச்சட்டியும் எடுத்தார். இரண்டுக்கும் இடையே முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. காய்ச்சலோடு வந்து திருநீறு கேட்கிறவர்களைப் பூசாரித் தாத்தா திருநீறு பூசிய கையோடு டிஸ்பென்சரிக்குப் போகச் சொல்லுவார்.

தேனிப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தீச்சட்டியின் தாய்வீடு, முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில். சித்திரைத் திருவிழாவில் அங்கே ஆயிரக்கணக்கானோர் சட்டி ஏந்துவார்கள். சட்டியின் சூடு கையில் இறங்காமல் இருக்க அடியில் வேப்பிலையைக் கொத்தாக வைத்துப் பிடிக்க வேண்டும். வேம்பு எங்கள் குளிரில் செழிக்காது. அதனால் திருவிழாவுக்கு முதல்நாள் போடியிலிருந்து வேப்பிலை மூட்டை மூட்டையாக வரும். அந்த மூட்டை பிரிந்ததும் எழும் கசப்பு வாசம்தான் எங்களுக்குத் திருவிழா வாசம்.

மாவிளக்கு இன்னும் அடக்கமான நேர்ச்சை. பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய்விட்டுத் திரி ஏற்றுவது. வயிற்றுவலி தீர வேண்டியவர்கள் படுத்த நிலையில் வயிற்றின்மேல் இலை போட்டு மாவிளக்கை வைத்துக்கொள்வார்கள். விளக்கு எரிந்து முடிந்ததும் அந்த மாவே பிரசாதம். அந்த நேரம் முழுக்க அசையாமல் படுத்திருக்கும் பெண்ணின் பக்கத்தில் இன்னொரு பெண் உட்கார்ந்து நெற்றியை வருடிக்கொண்டிருப்பாள்.

காவடி முருகனுக்கு. அகத்தியர் சொல்படி சிவகிரி, சக்திகிரி என்ற இரு மலைகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வந்த இடும்பனின் கதையிலிருந்து காவடி பிறந்ததாகப் பழனித் தலபுராணம் சொல்கிறது. பழனி மலையேறும் வழியில் இடும்பனுக்கும் சன்னதி உண்டு. சுமை தூக்கிப் பிழைத்தவர்களுக்கு, சுமை தூக்கியே கடவுளை அடைந்த இடும்பன்மேல் தனி அன்பு. தைப்பூசத்துக்கு எங்கள் இளைஞர்கள் மாலை போட்டு, மறையூர், சின்னாறு வழியாக உடுமலை வரை வண்டியில் இறங்கி, அங்கிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை, மார்கழி விடியலில் லயம் லயமாகத் திருப்பாவை பாடிவரும் பஜனை என்று எங்கள் ஆண்டு நிறைந்தே இருக்கும்.

அவள் பேசும் இரவு

பம்பையும் உடுக்கையும் உச்சத்துக்குப் போகும்போது யாராவது ஒருவர் மீது சாமி இறங்கும். எங்கள் டிவிஷனில், அதாவது தோட்டப் பிரிவில், அதிகம் பேசாத ஒரு பெண் இருந்தார். மேலாளரிடமும் கணவரிடமும் தலைகுனிந்தே நின்றவர். திருவிழா இரவில் அம்மன் அவரிடம்தான் வருவாள். கூந்தல் அவிழ, வேப்பிலை கையில் ஏந்தி, கூட்டத்தில் ஒருவரைச் சுட்டி, "போன வருசம் என் வாசல்ல சத்தியம் பண்ணிட்டுப் போனியே, இன்னும் குடிச்சுட்டு வந்து பொண்டாட்டிய அடிக்கிறியே, நான் பாக்கலேன்னு நெனச்சியா?" என்று கேட்டார். அந்த மனிதர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கோயில் கமிட்டித் தலைவர் கைகட்டி நின்றார். அடுத்த நாள் அந்தப் பெண் வழக்கம்போல் கொழுந்துக்காட்டில் இருந்தார்.

சாமியாட்டத்தை மனநோய் என்று ஒதுக்குகிறவர்களையும், நாடகம் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நான் அதைத் தெய்வத்தின் வருகை என்றே நம்புகிறேன். நம்பாதவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். போலீசுக்கும் பஞ்சாயத்துக்கும் போகாத ஒரு நியாயம் அன்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டது. வாயற்றவர்களுக்கு வாயாக இருப்பதும் தெய்வத்தின் வேலைதான். 2015 செப்டம்பரில் போனசுக்காக மூணாறு வீதியை நிறைத்து உட்கார்ந்த தோட்டப் பெண்களை நாடே வியந்து பார்த்தது. அவர்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இருந்தது. கூட்டத்தின் நடுவே நிமிர்ந்து நிற்கவும் குரலெழுப்பவும் அவர்கள் ஆண்டுதோறும் கோயில் வாசலில் பழகியிருந்தார்கள்.

குலசாமியும் ஊர்சாமியும்

மாரியம்மன் எங்கள் ஊர்சாமி. குலசாமி அய்யனார் சாத்தூர்ப் பக்கமே தங்கிவிட்டார். மாசி மகாசிவராத்திரிக்கு மதுரை, தேனி, விருதுநகர்க்காரர்களும், பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்துச் சாஸ்தா வழியினரும் மலையிறங்குவார்கள். போடிமெட்டு வழியாகப் போகும் பேருந்துகளில் நிற்க இடமிருக்காது. பிள்ளைக்கு முதல் மொட்டை, காதுகுத்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் குலசாமி முன்தான். கிடாவெட்டும் அங்கேதான். கேரளத்தில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடைசெய்யும் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதனால் இங்கே பொங்கலோடு நிற்கும். ஊரில் நிலமில்லை, வீடில்லை, சொந்தங்களும் குறைந்துபோய்விட்டன. ஆனாலும் அய்யனார் இருக்கும்வரை எங்களுக்கு அங்கே ஒரு முகவரி இருக்கிறது.

ஆடி மழை

2020 ஆகஸ்ட் 6, ஆடி மாத இரவு. ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர் போய்விட்டார்கள். நால்வரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. எங்கள் டிவிஷனிலும் உறவை இழக்காத வீடு குறைவு. 1924 வெள்ளமும் ஆடியில் வந்ததுதான். இத்தனை நேர்ச்சை செய்தும் ஏன் இப்படி என்று என் மாணவி ஒருத்தி அழுதுகொண்டே கேட்டாள். அந்த ஆண்டு எங்கள் அம்மனுக்குக் கூழ் ஊற்றவில்லை, மேளம் இல்லை. பூசாரி நடையைத் திறந்து விளக்கு மட்டும் வைத்தார். பக்தி செய்தால் மலை சரியாது என்று எங்கள் பாட்டிமார் ஒருநாளும் சொன்னதில்லை. சரிந்த பிறகும் எழுந்து அடுத்தவருக்குச் சோறு பொங்கும் தெம்பு வேண்டும் என்றுதான் அவர்கள் அம்மனிடம் கேட்டார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் உறவினர்கள் ராஜமலைக் கல்லறைகளுக்கு வந்து பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கிறார்கள். இந்து, கிறித்தவர் என்று அங்கே பிரிக்க முடியாது.

இனி

இப்போது எங்கள் பிள்ளைகள் கோவை, திருப்பூர், கொச்சி என்று போய்விட்டார்கள். லயங்களில் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஊர்வலத்தில் பம்பையோடு செண்டைமேளமும் கேட்கிறது. வடக்கிலிருந்து வந்த பெண்கள் எங்கள் மாரியம்மன் முன் தங்கள் வழக்கப்படி முக்காடிட்டுக் கும்பிடுகிறார்கள், அவர்கள் கொண்டுவரும் தேங்காயைப் பூசாரி வாங்கி உடைக்கிறார். வரவேற்க வேண்டிய மாற்றங்கள் இவை. கங்காணி காலத்தில் நாங்கள் வந்த நிலையில்தான் அவர்கள் இன்று வந்திருக்கிறார்கள்.

மறைந்துபோகக் கூடாதவையும் சில இருக்கின்றன. முளைப்பாரிக் கும்மியில் பாட்டிமார் பாடும் பாடல்களில் இந்தத் தோட்டங்களின் நூறாண்டு வரலாறு இருக்கிறது. அவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. கைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு பேரனும் பேத்தியும் தங்கள் பாட்டியை ஒரு மணி நேரம் பாடவைத்துப் பதிந்து வைத்துவிடுங்கள். பூசாரிமார் சொல்லும் பிடிமண் கதையையும் கேட்டு எழுதிவையுங்கள். வரி கொடுப்பதிலும் விதைப்பதிலும் நெருப்பெடுப்பதிலும் முன்னே நிற்கும் பெண்களுக்குக் கோயில் கமிட்டியில் பாதி இடம் தர வேண்டும் என்று நான் எங்கள் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன். கிடைக்கும்வரை கேட்பேன்.

மூணாறுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழியில், லயங்களுக்கு நடுவே வண்ணக் கோபுரம் தெரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். திருவிழா நாளாக இருந்தால் தீச்சட்டி ஏந்தியவரின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டாதீர்கள். அவர் அப்போது தன் தாயோடு பேசிக்கொண்டிருக்கிறார். ஓரமாக நின்று கும்பிடுங்கள். பந்தியில் உங்களுக்கும் ஓர் இலை போடுவார்கள். பக்கத்து இலையில் இருக்கும் அம்மாவிடம், "உங்க சாமி எந்த ஊர்லேர்ந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். கண்டிப்பாகச் சொல்லுவார்.